புள்ளிக் கோட்டுக்குள் ஒரு பொட்டு

எங்கள் மரத் தோரணத்தின் வடிவத்தைப் பதிவு செய்யப் போன அன்று, பதினொரு வகைகளை ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவற்றில் ஐந்துதான் உண்மையில் செய்யப்பட்டிருந்தன. மீதி ஆறும் என் மண்டைக்குள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தவை. நாளைக்கு யாராவது இப்படிச் செய்தால் என்ன, அப்படிச் செய்தால் என்ன என்று யோசிக்க யோசிக்க வகைகள் பெருகிக்கொண்டே போயின. பேராசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதுதான்.

தோரணம் என்றால் மாவிலைத் தோரணம் இல்லை. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்காலளவுக்கு வெட்டிவிடுவார்கள். அதைக் கவ்வாத்து என்போம். அப்போது விழுகிற குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். எங்கள் லயத்து வரிசை வீட்டு அடுப்புகளில் பாதி எரிவது அந்த மிலாறில்தான். அந்தக் குச்சியைச் சீவல் சீவலாக அறுத்து, காயவைத்து, நூலில் கோத்துச் செய்வதுதான் எங்கள் தோரணம்.

செய்யத் தொடங்கியது நான் இல்லை, என் நாத்தனார். என் கணவரின் தங்கை. டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில், அதே லயத்தில், அடுத்த வீட்டில் இருக்கிறாள். கணவனை இழந்தவள், ஒரே மகள். ஒரு நாள் கொடிக் கம்பிக்கு முளை வேண்டும் என்று என் கணவரின் இரும்பு அறுக்கிற வாளை எடுத்து ஒரு மிலாறை அறுத்திருக்கிறாள். வாள் வழுக்கிச் சாய்வாகப் போய்விட்டது. விழுந்த துண்டு வட்டமாக இல்லாமல் இலை மாதிரி நீண்டு, ஓரத்தில் கறுத்த பட்டையும் நடுவில் வெளிர்மஞ்சளுமாக இருந்தது. நான் கண்டிருந்தால் அதை அடுப்பில்தான் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, அடுத்த மிலாறை வேண்டுமென்றே சாய்த்து அறுத்தாள்.

ஒரு மாதத்தில் அவள் வீட்டு உள்வாசலில் முதல் தோரணம் தொங்கியது. சீவல்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி, இரண்டு வரிசைகளாக, எதிரெதிரே சாய்ந்து இருக்கும். இரண்டு வரிசையும் நடுவில் சந்திக்கிற இடத்தில் பட்டைகள் தொட்டுக்கொள்ளாமல் ஒரு நூலிழை இடைவெளி நெளிந்து நெளிந்து போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த நெளிவு மட்டும் தெரியும். பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் முன்பள்ளி டீச்சர். வருடம் முழுவதும் கடதாசியும் பசையுமாகக் கைவேலை சொல்லிக்கொடுப்பவள். எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

தோன்றாததற்கு ஈடாக நான் யோசனைகள் சொன்னேன். நான் பிறப்பால் வேதக்காரி, கிறிஸ்தவ வீட்டுப் பெண், இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நத்தாருக்குக் கதவில் மாட்ட அதையே வளைத்து ஒரு வளையமாகச் செய் என்றேன். செய்தாள். பிறகு சுவருக்கு ஓர் அரைவட்டம், நுனியில் சின்ன மணி கட்டிய ஒரு சரம், வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட ஒரு குட்டி என்று ஐந்து வகை ஆயிற்று. பள்ளி விட்டு வந்ததும் நான் கோப்பேன். அவள் தேயிலை மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் அறுப்பாள்.

அந்த நாட்களில்தான் தோட்டத்தில் அவளுக்கு வேலை நாட்கள் குறைந்தன. மகள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹட்டனுக்குப் போய், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவரிடம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். பாஸ்போட்டையும் கொடுத்துவிட்டாள். வீட்டு வேலைதான். ஏற்கெனவே ஒருமுறை போனவள் அவள். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது போய், குழந்தை என் கையில் வளர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்து இறங்கிய அன்று மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "யாரு இது?" என்று என்னைத்தான் கேட்டாள். அதைக் கேட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டவள், மறுபடியும் போகிறேன் என்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒனக்கு மூள இருக்கா புள்ள?" என்று கத்தினேன். "மூள இருக்கு அண்ணி, கையிலதான் ஒன்னுமில்ல" என்றாள்.

கண்டியில் பரிசுப் பொருட்கடைகள் வைத்திருக்கும் ஒரு சிங்கள அம்மா எங்கள் முன்பள்ளிக்குப் புத்தகங்கள் கொடுக்க வந்தது அந்த வாரத்தில்தான். மழை பிடித்துக்கொண்டதால் தேநீர் குடிக்க என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே தொங்கிய ஐந்தையும் பார்த்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். யார் செய்தது, எங்கே விற்கிறீர்கள் என்று கேட்டார். எங்கும் இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் அவர் சொன்ன நிபந்தனை கடினமாக இருந்தது. இதற்கு முன் ஒருவரிடம் ஒரு பொருள் வாங்கி விற்றாராம். எதிர்ச் சாரிக் கடைக்காரன் அதில் கயிற்றை மட்டும் மாற்றி, நிறத்தை மட்டும் மாற்றி, அதையே தொங்கவிட்டுவிட்டானாம். அதனால் வடிவத்தைப் பதிவுக்குப் போட்டு, விண்ணப்ப எண்ணோடு வரச் சொன்னார். ஐந்து வகையும் அதில் அடங்க வேண்டும், சில்லறை மாற்றம் செய்து ஒருவன் நழுவ முடியாதபடி இருக்க வேண்டும், அப்படியென்றால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதுவரை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏஜென்ட் மருத்துவப் பரிசோதனைக்குக் கொடுத்த திகதிக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குப் போய்விட்டால் பிறகு விசா, பயணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும். மூன்று வாரத்துக்குள் நாங்கள் இந்தப் பக்கம் ஏதாவது ஒன்றைக் கையில் காட்ட வேண்டும்.

ஹட்டனில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரு வக்கீல் இருந்தார். இளம் பெண், றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். இந்த மாதிரி விண்ணப்பங்கள் தெரிந்தவர் என்று முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் அப்பா சொன்னதால் போனோம். நாங்கள் தோட்டத்து ஆட்கள் என்றதும் அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டதை நான் மறக்கவில்லை. எத்தனையோ அலுவலகங்களில் நின்றுகொண்டே பேசிப் பழகியவர்கள் நாங்கள்.

அவருடைய முதல் கேள்வியே நான் எதிர்பார்க்காதது. "இத எங்கயாவது வித்திருக்கீங்களா? பேஸ்புக்குல போட்டீங்களா? புதுசா இருந்தாத்தான் பதியலாம். ஊருக்கே காட்டிட்டு வந்தா கஷ்டம்."

நான் போட நினைத்தேன் என்பதுதான் உண்மை. படம் எடுத்து, நாலு வரி எழுதி, விரலைக்கூட வைத்துவிட்டேன். நாத்தனார்தான் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணு படும், வேண்டாம் என்றாள். பட்டிக்காட்டுத்தனம் என்று அன்றைக்கு அவளைத் திட்டினேன். இதை வக்கீலிடம் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"சட்டத்துல ரெண்டு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கிறத அவங்க ரெண்டு வார்த்தையில சொல்லியிருக்காங்க" என்றார்.

அடுத்து என் கொப்பியை விரித்தேன். பதினொரு வகையையும் வாசித்தேன். சிவப்புச் சாயம் பூசியது, மீன் வடிவத்தில் வளைத்தது, சாமிப்படத்தைச் சுற்றி வைப்பது எல்லாம் வந்தன. வக்கீல் பொறுமையாகக் கேட்டார். பிறகு, செய்யாததைப் போட வேண்டாம் என்று ஆறையும் ஒரே கோட்டில் வெட்டினார். ஒரே வகைப் பொருளாக இருந்தால் ஒரு விண்ணப்பத்துக்குள் பல தோற்றங்களைச் சேர்க்கலாம், ஐந்தும் போகட்டும் என்றார். ஆனால் ஐந்து படத்தைக் கொடுத்தால் அந்த ஐந்துக்குத்தான் காவல். ஆறாவதாக ஒருவன் மணிக்குப் பதில் குஞ்சம் கட்டினால், இது வேறு என்று வாதாடுவான்.

"அப்ப எத்தனதான் போடுறது மிஸ்?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"எத்தனைங்கிறது இல்லங்க கேள்வி. இந்த அஞ்சுலயும் எது மாறல? ஒருத்தன் எத எடுத்துக்கிட்டா ஒங்களுக்கு வயிறு எரியும்? அதச் சொல்லுங்க."

நான் பேச ஆரம்பித்தேன். மரம், சாய்வான வெட்டு, காயவைக்கிற முறை என்று அடுக்கினேன். அது செய்யும் முறை, இங்கே பார்வைக்குத் தெரிகிற தோற்றம் மட்டும்தான் கணக்கு என்றார். பட்டையின் நிறம் என்றேன். நிறத்தை மாற்றிவிடுவார்கள் என்றார். நான் விடாமல் பேசிக்கொண்டிருக்கையில், நாத்தனார் எழுந்து, தோரணங்களைச் சுற்றி வந்த துணிகளை எடுத்தாள். மேசையில் ஐந்தையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் துணியால் மூடினாள். வளையத்தில் ஒரு துண்டு, அரைவட்டத்தில் ஒரு துண்டு, சரத்தில் ஒரு துண்டு, எல்லாவற்றிலும் ஒரு சாண் அளவுதான் வெளியே தெரிந்தது.

ஐந்தும் ஒன்றாக இருந்தன. எதிரெதிரே சாய்ந்த இரண்டு வரிசைகளும், நடுவில் நெளிந்து போகும் அந்த இடைவெளியும்தான் தெரிந்தன. எது வளையம், எது குட்டி என்றுகூட சொல்ல முடியவில்லை.

"இதத்தான் மிஸ்" என்றாள். "இத எடுத்தா எரியும். மத்ததெல்லாம் யாரு வேணும்னாலும் கட்டிக்கட்டும்."

வக்கீல் குனிந்து ஐந்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இதற்கு வரைபடம் வேண்டும், நன்றாக வரைகிறவர் ஒருவரைப் பிடியுங்கள் என்றார். பஸ்ஸில் நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வெட்கமாக இருந்தது. பதினொன்றை எழுதி வைத்திருந்த கொப்பியை மடித்துக் கைப்பையின் அடியில் தள்ளினேன்.

வரைவதற்கு ஒருவர் கிடைத்தார். நில அளவை வேலையில் படம் வரைந்து ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வீடு. சாமான்களை அவரிடம் விட்டுவர எங்களுக்கு மனமில்லை. கண்ணாடித் துண்டு மாதிரி, ஓர் இடத்தில் நூல் தளர்ந்தால் எல்லாம் கலைந்துவிடும். போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக் கொடுங்கள், பார்த்து வரைகிறேன் என்றார். முன், பின், இரண்டு பக்கம், மேல், கீழ், சாய்வாக ஒன்று. ஐந்து வகைக்கும் அப்படி.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. நான் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தபோது, நாத்தனார் குளித்து, வெள்ளைத் துணி விரித்து, ஐந்தையும் அதன் மேல் வைத்துத் தயாராக இருந்தாள். நான் படம் எடுத்தேன். எடுத்ததை வாட்சப்பில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் பெரியவர் வரைந்து முடித்தார். மஸ்கெலியாவுக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டியிருந்ததால் நான் அவற்றை நிதானமாகப் பார்க்கவில்லை. கோடு ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி மெல்லிசாக இருப்பதை மட்டும் பார்த்து மலைத்துப்போய், அப்படியே வக்கீலிடம் கொண்டுபோனேன்.

அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். மூன்றாவது தாளில் நின்றார்.

"இந்த வட்டம் என்ன?"

எட்டிப் பார்த்தேன். தோரணத்தின் நடுச் சீவலில் ஒரு வட்டம் இருந்தது. அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். வளையத்தில் இருந்தது. அரைவட்டத்தில் இருந்தது. சரத்தில், குட்டியில், முன்னாலிருந்து பார்க்கும் எல்லாப் படத்திலும், பக்கவாட்டுப் படத்தில் ஒரு சின்ன மேடாகக்கூட இருந்தது.

சந்தனமும் குங்குமமும். புதிதாக எதை வாங்கினாலும் எதைச் செய்தாலும் முதலில் பொட்டு வைப்பது அந்த வீட்டுப் பழக்கம். முச்சக்கர வண்டிக்கு வைப்பாள், குக்கருக்கு வைப்பாள், மகளின் பள்ளிப் பைக்கு வைப்பாள். வெள்ளிக்கிழமை காலையில், நல்ல காரியத்துக்குப் படம் எடுக்கப் போகிறோம் என்று ஐந்துக்கும் வைத்துவிட்டிருக்கிறாள். தினமும் பார்க்கிற கண் என்பதால் எனக்கு அது தெரியவே இல்லை. பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்டதையெல்லாம் அச்சாக வரைந்துவிட்டார்.

வக்கீல் விளக்கினார். கோட்டில் வரைந்ததெல்லாம் வடிவத்தில் சேர்ந்துவிடும். இப்படியே கொடுத்தால், நடுவில் வட்டம் வைத்த தோரணம் என்றுதான் ஆகும். வட்டத்தை விட்டுவிட்டு ஒருவன் செய்தால், என்னுடையது வேறு என்று சொல்லி அவன் தப்பித்துக்கொள்வான். இத்தனை நாள் பாடுபட்டது எல்லாம் அந்தப் பொட்டின் அளவுக்குச் சுருங்கிப்போகும். மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

நாத்தனார் ஐந்தையும் பையில் கொண்டுவந்திருந்தாள். நான் பையைத் திறந்து வளையத்தை வெளியே எடுத்தேன். பொட்டு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. "ஒன்னோட சாமிக்கு ஒரு அளவே இல்லையா?" என்று ஆள் முன்னாலேயே கத்திவிட்டேன். "இப்பவே தொடச்சிட்டு மறுபடி படம் எடுப்போம்." சேலைத் தலைப்பின் நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனைப் பிடுங்கிய அன்றுகூட அவள் இவ்வளவு இறுகப் பிடித்ததில்லை.

"தொடைக்காதீங்க அண்ணி. வச்ச பொட்டத் தொடைக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் கணவன் இறந்த அன்று உறவுப் பெண்கள் அவளை நடுவில் உட்காரவைத்து நெற்றியைத் துடைத்தபோது நானும் அங்கே இருந்தேன். இது எங்கள் வழக்கமில்லை, நமக்கென்ன என்று கதவோரம் நின்றேன். அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை, நான் சொல்லியிருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் கத்துகிற வாய் இது. அன்றைக்குத் திறக்கவில்லை. நனைந்த தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

வக்கீல் எங்கள் இருவரையும் பார்த்தார். எழுந்து போய் ஜன்னலோரம் நின்று யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தவர் ஒரு பென்சிலை எடுத்து, வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். முழுக்கோட்டில் இல்லை, விட்டு விட்டு, புள்ளி புள்ளியாக.

"தொடைக்கத் தேவையில்ல. இப்படிப் போட்டா, இது அங்க இருக்கு, ஆனா நாங்க இத எங்களோடதுன்னு கேக்கலன்னு அர்த்தம். அதையே குறிப்பாவும் எழுதிச் சேர்த்துருவோம்."

சொல்லும்போதே அவருக்கு வேறொன்று பிடிபட்டது. பென்சில் கீழே நகர்ந்தது. மணியைப் புள்ளிக் கோடாக்கினார். தொங்கவிடும் கயிற்றைப் புள்ளிக் கோடாக்கினார். அன்றைக்கு மேசையில் துணியால் மூடிய இடமெல்லாம் புள்ளிக் கோடு ஆயிற்று. நடுவில் அந்த ஒரு சாண் மட்டும் முழுக்கோட்டில் நின்றது. மணி கட்டினாலும் குஞ்சம் கட்டினாலும், நீளமானாலும் குட்டையானாலும், அந்த நடுவை எடுத்தால் எடுத்ததுதான் என்றார். நான் பதினொரு வகை எழுதியும் பிடிக்க முடியாததை, பொட்டைக் காப்பாற்றப் போட்ட கோடு பிடித்துவிட்டது.

பெரியவரிடம் மறுபடி போனோம். முதலில் அவருக்குப் பொல்லாத கோபம். "நோனா, நான் கண்ணால பாத்ததுதான் வரையிறது. இல்லாதது வரையிறது இல்ல" என்றார். தவறு உங்களுடையது இல்லை மாத்தயா, எங்களுடையது என்று நான் கைகூப்பினேன். நான் ஒருவரிடம் தவறை ஒப்புக்கொண்டதைக் கேட்டு நாத்தனார் என்னை வேடிக்கை பார்த்தாள். புள்ளிக் கோட்டை விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது.

"ஆ! காணிப் படத்துல அடிப்பாத போடுறது போல. பாத காணிக்குள்ள போகுது, ஆனா காணிக்காரனுக்குச் சொந்தமில்ல. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றோம். எல்லாத் தாளையும் புதிதாக வரைந்தார். நான்கு நாள் பகல் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். இரண்டாவது முறை வரைந்ததற்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். அந்த மனிதருக்கும் எங்களுக்கும் என்ன உறவு? மூன்று வாரத்துக்கு முன் பெயர்கூடத் தெரியாது. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் நான் ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிட்டுத்தான் போகிறேன்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். வடிவத்தை உருவாக்கியவர் யார் என்று ஒரு கட்டம். வக்கீல் பேனாவைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தார்.

பொய் சொல்லமாட்டேன். என் பெயர் வாய்வரை வந்தது. ஓடியாடி அலைந்தவள் நான், எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான், அவளை இழுத்துக்கொண்டு வந்தவளும் நான். நான் எழுதச் சொன்னால் சரி என்று தலையாட்டியிருப்பாள், அது எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் வாயை மூடினேன்.

"அவ பேர எழுதுங்க மிஸ். மொதல்ல சாய்ச்சு வெட்டுனது அவதான். அந்த நடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சதும் அவதான்."

"அண்ணி பேரையும் போடுங்க" என்றாள் அவள் உடனே. "வளையம் அவங்க சொன்னதுதான். அவங்க கத்தாட்டி நான் இதெல்லாம் செஞ்சிருக்க மாட்டேன்."

இரண்டு பெயரும் எழுதப்பட்டன. முதலில் அவளுடையது. தோட்டத்துப் பெயர்ப்பட்டியலிலும் ஏஜென்டின் விண்ணப்பப் பாரத்திலும் அவள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன், எங்கே காட்டுகிறார்களோ அங்கே அவசரமாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். அன்றைக்கு நிதானமாகப் போட்டாள். போட்டு முடித்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள்.

வக்கீலுக்குத் தெரிந்த ஒருவர் மறுநாளே கொழும்பில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்ததற்கான ரசீது போனுக்கு வந்தது. எண்ணும் இருந்தது. அதைக் கண்டி அம்மாவுக்கு அனுப்பினேன். சரி, பார்க்கிறேன் என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் ஐந்து வகைக்கும் ஓர்டர் கொடுத்ததும், இன்று எங்கள் லயத்தில் இன்னும் மூன்று பெண்கள் எங்களோடு உட்கார்ந்து கோப்பதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஓர் எண் மட்டும்தான்.

பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் காலையில் நாங்கள் இருவரும் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றோம். ஏஜென்டின் அலுவலகம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அவள் போகப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு எண்ணை நம்பி மகளின் படிப்பைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுடைய போன் அடித்தது. பஸ் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க நிக்கிறீங்கம்மா? வேன் வந்திருச்சி" என்றார் ஏஜென்ட்.

"நான் போகலைங்க. பாஸ்போட்ட வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்."

ஓர்டர் இன்னும் வரவில்லை என்று அவள் காதருகே சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள்.

"என்னம்மா இப்ப வந்து சொல்றீங்க? ஏன் போகல?"

"எனக்கு இங்க வேல இருக்குங்க."

"வேலையா? யாரு வீட்டுல?"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்த இரைச்சலிலும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொன்னாள்.

"என் வீட்டுலதாங்க."